500 கறவை மாட்டுப் பண்ணை வந்தால் ஊருக்குக் காசு எந்த வழியால் வரும்?

தம்பலகாமம்_வயல்:
எங்கள் பக்கம் 500 கறவை மாடுகளோடு ஒரு பெரிய பண்ணை போடப் பேச்சு நடக்கிறது. வேலை கிடைக்கும், சோளனை வாங்குவார்கள் என்கிறார்கள். வயல்காரருக்கும், மாடு எருமையை மந்தையாக மேய்க்கும் பட்டிக்காரருக்கும் உண்மையில் என்ன மிஞ்சும்? உடன்படிக்கையில் எதைக் கேட்டு எழுத வைக்க வேண்டும்? விபரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

சோளன்காரன்:
தம்பி, வேலையைப் பெரிதாக எண்ண வேண்டாம். இயந்திரத்தில் பால் கறக்கும் பண்ணையில் 30, 40 மாட்டுக்கு ஒருவர் போதும். 500 மாட்டுக்கு 15 பேர் அளவில்தான் வரும். ஊருக்கு வரும் பெரிய காசு தீனியில்தான் இருக்கிறது.

ஒரு மாட்டுக்கு நாளுக்கு 25 கிலோ சைலேஜ், அதாவது பச்சைச் சோளனை வெட்டிக் குழியில் மூடிப் புளிக்க வைத்த தீனி, என்று வையுங்கள். 500 மாட்டுக்கு 12.5 தொன், வருடத்துக்கு 4,500 தொன்னுக்கு மேல். குழியில் வீணாவதையும் சேர்த்தால் 5,000 தாண்டும். ஏக்கருக்கு 13 தொன் பச்சைச் சோளன் கிடைத்தாலும் ஏறத்தாழ 400 ஏக்கர் வேண்டும். பெரும்போகத்தில் மேட்டுநிலத்தில் மழையை நம்பிப் போடலாம். சிறுபோகத்தில் அது குளத்து நீரைக் கேட்கும், அந்த நீருக்கு நெல்லும் காத்திருக்கும்.

விலையைத் தொன் கணக்கில் மட்டும் எழுதினால் விவசாயிக்குத்தான் நட்டம். வெட்டும்போது பயிரில் 30 முதல் 35 வீதம் உலர்பொருள், அதாவது நீர் போக மிஞ்சுவது, இருக்க வேண்டும். பண்ணையின் வெட்டு இயந்திரம் பத்து நாள் பிந்தினால் பயிர் காய்ந்து நிறை குறையும், காசும் குறையும். ஆகவே வெட்டும் திகதி, பிந்தினால் நட்டஈடு, உலர்பொருளைப் பார்த்துத் திருத்திய விலை மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். சேனா படைப்புழு விழுந்தால் மருந்துச் செலவு யாருடையது என்பதையும் சேருங்கள். 2018 பெரும்போகத்தில் அந்தப் புழு சோளனை என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று. திட்ட அறிக்கையில் மாட்டுக்கு நாளுக்கு 25 லீற்றர் பால் என்று போட்டிருந்தால் கவனம். கச்சான் காற்று வீசும் வெக்கை மாதங்களில் வெளிநாட்டு இனம் தீனி எடுக்காது, சினை பிடிப்பதும் குறையும். விசிறியும் நீர்த்தெளிப்பும் இருந்தாலும் 15 லீற்றரை வைத்துக் கணக்குப் பாருங்கள். 25 லீற்றரை நம்பி வங்கிக் கடன் எடுத்த பண்ணை இறுகும்போது முதலில் பிந்துவது தீனிக்காரனின் காசுதான். 14 நாளுக்குள் கொடுப்பனவு, அதற்கு வங்கி உத்தரவாதம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பட்டித்தயிர்:
தயிர் வியாபாரம் படுத்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எருமைப்பாலில் 7, 8 வீதம் கொழுப்பு, பண்ணைப் பசுப்பாலில் 4 வீதம்கூடத் தேறுவது கஷ்டம். மூதூர், கிண்ணியாச் சட்டித்தயிரின் இறுக்கம் அதில் வராது. போட்டி பாலில் இல்லை, வைக்கோலில்தான். அறுவடை முடிந்த வயலில் பட்டி மாடு சும்மா இறங்கி மேய்கிறது. பண்ணை வைக்கோல் கட்டும் இயந்திரத்தை இறக்கி ஏக்கர் கணக்கில் காசு கொடுத்தால் வயல்காரர் அதற்கே கொடுப்பார், அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் மேய்ச்சல் தரையும் சுருங்கிய இடத்தில் பட்டிக்காரர் மாட்டை விற்கத்தான் நேரும். அந்த நேரம் பண்ணை கழித்துவிடும் மாடுகளும் இறைச்சிக்கு வரும், வருடத்துக்கு நாலில் ஒன்று என்றால் 125. விலை இன்னும் விழும்.

நன்மையும் உண்டு. பண்ணையின் பால் பவுசர் தினமும் வந்தால் பின்னேரப் பாலையும் கறந்து விற்கலாம். அதற்கு வெளியார் பாலை வாங்குவதாக எழுத வேண்டும். கொழுப்பும் கொழுப்பற்ற திண்மமும் கொடுப்பவர் முன்னால் அளந்து, துண்டு தர வேண்டும். கறந்த சூட்டோடு, பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானியை விட்டால் அளவு குறைத்துக் காட்டும். தண்ணீர் கலந்த பால் என்று காசு வெட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

தம்பலகாமம்_வயல்:
நன்றி அண்ணன்மார். சாணம் வயலுக்கு இலவசம் என்கிறார்களே?

கிணற்றடி:
சாணமும் சிறுநீரும் மாட்டுக்கு நாளுக்கு 50 கிலோ, கழுவும் நீர் 50 லீற்றர். மொத்தம் நாளுக்கு 50 கனமீற்றர். பெரும்போக மழையில் வயலுக்குள் பவுசர் இறங்காது, ஆகவே பண்ணையில் சாணக் குளம் வெட்டி 90 நாள் தேக்க வேண்டும். அது 4,500 கனமீற்றர். நவம்பர், டிசம்பரில் மட்டும் 600 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும், அதுவும் அதே குளத்துக்குள்தான். கணக்கில் மழையைச் சேர்க்காத குளம் முதல் மாரியிலேயே வழியும், வாய்க்காலோடு கீழ் வயலுக்குப் போகும்.

அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போடாவிட்டால் மணல் நிலத்தில் சாணத்திலிருந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு கிணற்றுக்குப் போகும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. வேலை தொடங்க முன்பே சுற்றியுள்ள கிணறுகளைப் பரிசோதித்து அறிக்கையை வாங்கி வையுங்கள். முந்தைய அளவு கையில் இல்லாவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

சாணத்தைப் பிரித்துத் திண்மமாகத் தந்தால் நல்ல பசளை. நீர்ச்சாணத்தை அளவில்லாமல் நெல்லுக்கு விட்டால் தழைச்சத்து கூடிப் பயிர் சாயும், எரிபந்த நோயும் வரும்.

காணியையும் பாருங்கள். 50 ஹெக்டேயருக்கு மேல் துப்புரவாக்கினாலோ, 1 ஹெக்டேயருக்கு மேல் காட்டை மாற்றினாலோ சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்கும் பட்டியலுக்குள் திட்டம் வரும். அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால் கருத்துச் சொல்ல 30 நாள். எழுத்தில் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.