சனிக்கிழமை மேனேஜரோட மான் வேட்டை, ஃப்ரிட்ஜில ரெண்டு பாட்டில்: யாராச்சும் உடனே சொல்லுங்க

திருமங்கலம்_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கா வந்து இன்னும் ஊரே பிடிபடல, அதுக்குள்ள ஒரு சிக்கல். மேனேஜர் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்காரு. வர்ற சனிக்கிழமை விடியக்காலம். புது ஆளு, மாட்டேன்னு சொல்ல வாய் வரல. நேத்து சாயங்காலம் ரெண்டு பாட்டிலைக் கையில குடுத்து, "ஒண்ணு உன் வாடையை மறைக்க, ஒண்ணு மானைக் கூப்பிட, குளிர்ச்சியா வச்சுக்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒண்ணுல நரி மூத்திரம்னு போட்டிருக்கு. இன்னொண்ணு பருவத்துல இருக்கிற பெட்டை மானோட மூத்திரம். ஃப்ரிட்ஜில இட்லி மாவுக்குப் பக்கத்துல வச்சேன், வீட்டம்மா பாத்துட்டாங்க. அப்பலேர்ந்து அடுப்பு பத்தவைக்கல.

எதை எங்க தடவணும்? வாசனை சோப்பு போட்டுக் குளிக்கக் கூடாதுங்கிறாரு, நிஜமா? என் சட்டை பூரா தாளிச்ச வாடை. மான் ஓடிருமா? ஓடிருச்சுன்னா மேனேஜர் என்ன நினைப்பாரு?

மேலூர்_டொராண்டோ:
தம்பி, மொதல்ல ஜாக்கெட் வாங்கிட்டியா இல்லையா அதைச் சொல்லு. நான் வந்த புதுசுல பாண்டி பஜார்ல வாங்கின ஸ்வெட்டரோட பஸ் ஸ்டாப்புல நின்னேன். காது ரெண்டும் இருக்கா இல்லையான்னே தெரியல. பேஸ்மென்ட்ல ஒரு ரூம்பு, நாலு பேரு, ஒரு ஹீட்டர். இப்ப வர்ற பசங்களுக்கு வந்த உடனே மேனேஜர் வேட்டைக்குக் கூப்பிடுறாரு. குடுத்து வச்சவய்ங்க. மானை விடு. தெர்மல் உள்ளாடை ரெண்டு செட்டு, கம்பளி சாக்ஸு. பருத்தி சாக்ஸு போட்டுப் போனியன்னா வேர்த்து ஈரமாகி வெறைச்சுப் போயிருவ.

உசிலை_மிச்சிகன்:
கேட்டதுக்கு நான் பதில் சொல்றேன். நரி மூத்திரம் உன் பூட்ஸ் அடியில ரெண்டு சொட்டு. உடம்புல, சட்டையில வேண்டாம். நீ நடந்து போற தடத்துல மனுச வாடை தங்கும், அதுக்கு மேல நரி வாடை கெடந்தா மான் மெரளாதுங்கிறது கணக்கு. நரி அந்தக் காட்டுல தெனம் திரியுற சீவன்தான. ரப்பர் பூட்ஸா இருந்தா இன்னும் நல்லது, தோல் பூட்ஸ் வாடையைக் குடிச்சு வச்சுக்கும்.

பெட்டை மான் பாட்டிலை உன் மேல தப்பித் தவறியும் கொட்டிக்காத. கொம்பு மான் நேரா உன்கிட்டத்தான் வரும், உன்னைப் பாத்துக்கிட்டே வரும். பஞ்சுத் திரியில நனைச்சு, இருபது கஜம் தள்ளி, மானோட மூக்கு ஒசரத்துல ஒரு கொப்புல கட்டணும். ரப்பர் கையுறை போட்டுக் கட்டு.

இது ஏன் வேலை செய்யுதுன்னா, ஆண் மான் மண்ணைக் காலால பறிச்சு, பின்னங்கால் முட்டிக்கு உள்பக்கம் இருக்கிற மயிர்க்கத்தை மேல மூத்திரம் வழியவிட்டு அந்த எடத்துல போட்டுட்டுப் போகும். மேல தொங்குற கொப்பைக் கடிச்சு நெத்தியால தேய்க்கும். வர்ற போற மானெல்லாம் அங்க நின்னு மோந்து, யாரு வந்தா, எப்ப வந்தா, பெட்டை தயாரான்னு தெரிஞ்சுக்கும். மேலுதட்டைச் சுருட்டிக்கிட்டு நிக்கும் பாரு, அப்ப வாயோட மேலண்ணத்துல இருக்கிற தனி உறுப்புக்கு அந்த வாடையை இழுக்குதுன்னு அர்த்தம். நம்ம ஊர்க் கெடாயும் அதைத்தான் செய்யுது, பாத்திருப்ப.

கொட்டாம்பட்டி_வர்ஜீனியா:
உசிலை அண்ணே, அவரு எந்த ஸ்டேட்டுன்னே சொல்லலையே, அதுக்குள்ள பாடம் நடத்துறீங்க. எங்க வர்ஜீனியாவுல நெஜ மான் மூத்திரத்தை வேட்டையில வச்சிருந்தாலே குத்தம், 2015-லேர்ந்து. வெர்மான்ட்டுலயும் தடை. காரணம் சி.டபிள்யூ.டி. நோய். மானுக்கு மூளை கெட்டு, மெலிஞ்சு, எச்சி ஒழுகிச் சாகும். மருந்து கெடையாது. பிரியான்னு ஒரு கெட்ட புரதம், எச்சில், சாணி, மூத்திரம் எல்லாத்துலயும் வெளிய வரும், மண்ணுல வருசக்கணக்கா சாகாமக் கெடக்கும். எங்கயோ பண்ணையில அடைச்சு வச்ச மானோட மூத்திரத்தை இன்னொரு காட்டுல ஊத்துறது எவ்வளவு பெரிய கூத்து.

மறைப்பு வாடை சுத்த ஏமாத்துன்னுதான் நான் சொல்வேன். மான் மூக்குக்கு நரியும் தெரியும், நரிக்குப் பின்னாடி நிக்கிற நீயும் தெரியும். தனித்தனியாப் பிரிச்சு வாங்கும்.

உசிலை_மிச்சிகன்:
ஏமாத்துன்னா நான் வருசா வருசம் கறி திங்கிறது எப்படி?

கொட்டாம்பட்டி_வர்ஜீனியா:
காத்து உங்க பக்கம் இருந்திருக்கும். பேரு பாட்டிலுக்குப் போயிருச்சு.

செல்லூர்_மெல்போர்ன்:
அழகர் மலைப் பக்கம் ஒரு மானைத் தொட்டா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல உள்ள தூக்கிப் போடுவாய்ங்க. முயலுக்கே கேஸு. ப்ளேன் ஏறின உடனே நாமளும் துப்பாக்கி தூக்கணுமா? எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான். ஆனா இங்க ஆஸ்திரேலியாவுல கதையே வேற. விக்டோரியா மலையில திரியுறது நம்ம கடமான், 19-ஆம் நூற்றாண்டுல வெள்ளைக்காரன் கொண்டாந்து விட்டது. பெருத்துப் போச்சு, வருசம் முழுக்க வேட்டையாட விடுறாய்ங்க. கடமானுக்கு இந்த பாட்டில் எல்லாம் யாரும் வைக்கிறதில்ல. நடந்து, மோப்பம் குடுக்காமப் போறதுதான்.

ஆரப்பாளையம்_அக்கா:
தம்பி, தாளிப்பு வாடைன்னு எழுதுனீங்க பாருங்க, அது என் வயித்தெரிச்சல். அப்பார்ட்மென்ட்ல ஜன்னல் தொறக்க முடியாது, அடுப்பு மேல இருக்கிற ஃபேன் வாடையை வெளிய தள்ளாம வீட்டுக்குள்ளயே சுத்த விடும். நான் கருவாட்டுக் கொழம்பு வச்ச அன்னைக்கு மாடி வீட்டுக்காரி வந்து, எலி செத்துக் கெடக்கான்னு கேட்டா. வீட்டு ஓனரு கடுதாசியே போட்டான். ஆபீஸ் மைக்ரோவேவ்ல பிஞ்சுக் கத்திரிக்காய்ப் புளிக்கொழம்பைச் சுட வைக்க இன்னைக்கும் கை நடுங்குது. இவய்ங்க மட்டும் நரி மூத்திரத்தைக் காசு குடுத்து வாங்கிப் பூசிக்கிட்டுப் போவாய்ங்களாம். நல்லா இருக்கு நியாயம்.

மேலூர்_டொராண்டோ:
சரியாச் சொன்னீங்க அக்கா. எங்க ஓனரும் அப்படித்தான். கெளம்பும்போது கார்ப்பெட் வாடைன்னு டெபாசிட்ல பாதியைப் புடிச்சுக்கிட்டான்.

ஆரப்பாளையம்_அக்கா:
பாதியாச்சும் வந்துச்சா உங்களுக்கு!

செல்லூர்_மெல்போர்ன்:
எனக்கு டெபாசிட் வந்துச்சு, ஆனா திரும்பப் பெயின்ட் அடிச்சுக் குடுத்தப்பறம்தான். பெயின்ட்டு விலை டெபாசிட்டை விடக் கூட.

வாடிப்பட்டி_தாத்தா:
பேரப்பிள்ளைகளா, டெபாசிட் கதையை இன்னொரு நாள் வச்சுக்கலாம். நான் பென்சில்வேனியாவுல வேலை பாத்து ரிட்டையர் ஆகி இப்ப வாடிப்பட்டியில ஒக்காந்திருக்கேன். சின்னதுல சிறுமலை அடிவாரத்துல ஆடு மேய்ச்சவன். அங்க படிச்சதுதான் அந்த ஊர்க் காட்டுலயும் ஒதவுச்சு.

மலையை ஒட்டின எடத்துல வெயில் ஏறினா காத்து மேல ஏறும். பொழுது சாஞ்சா குளுந்து கீழ எறங்கும். இதைக் கணக்குப் பண்ணாம எந்த பாட்டிலும் வேலைக்காகாது. காலம்பற சரிவுக்கு மேல ஒக்காரு. உன் வாடை இன்னும் மேல போயிரும், கீழ இருந்து வர்ற மானுக்குத் தெரியாது. சாயங்காலம் இதைத் திருப்பிப் போடு. வெடியலுக்கு முன்னாடி மட்டும் குளுந்த காத்து இன்னும் எறங்கிக்கிட்டுத்தான் இருக்கும், அவசரப்படாத.

காத்து எங்க போகுதுன்னு பாக்க அங்க உள்ளவங்க சட்டைப் பையில மில்க்வீட் பஞ்சு வச்சிருப்பாங்க. ஒரு இழையை விட்டா நூறு கஜத்துக்கு மெதந்து போறது கண்ணுக்குத் தெரியும். நேராப் போய்க்கிட்டே இருந்து திடீர்னு வளைஞ்சு பள்ளத்துல எறங்கும். பவுடர் டப்பாவை அமுக்கினா ரெண்டடியில மறைஞ்சிரும், அது எதுக்கும் ஆகாது. ஊருல உள்ளவங்களுக்கு இது தெரிஞ்சதுதான், நம்ம எருக்கங்காய் வெடிச்சுப் பறக்கிற பஞ்சோட சொந்தக்காரச் செடி அது.

அப்புறம், கூப்பிடு வாடை வைக்கிற எடம். ஆண் மான் திரிக்கு நேரா வராது. காத்து திரியைத் தாண்டி எங்க போகுதோ அந்தப் பக்கமா அரைவட்டம் சுத்தி வந்து மோந்து பாக்கும். அந்த அரைவட்டத்துக்குள்ள உன் வாடை போகாத மாதிரி உக்காரணும். திரியைக் கட்டுறதுக்கு முன்னாடி பஞ்சை விட்டுப் பாத்துக்க.

சோழவந்தான்_மேடிசன்:
தாத்தா சொன்னதுக்கு மேல காத்தைப் பத்திப் பேச எதுவுமில்ல. ஆனா கேக்க வேண்டியதை யாரும் கேக்கல. திருமங்கலம் தம்பி: எந்த ஸ்டேட்? விசா என்ன? துப்பாக்கியா, வில்லா? வேட்டை லைசென்ஸ் எடுத்தாச்சா? பாட்டில் பெறகு.

திருமங்கலம்_புதுசு:
மன்னிக்கணும், பதட்டத்துல விட்டுட்டேன். விஸ்கான்சின். எச்-1பி. மேனேஜரோட ரெண்டாவது துப்பாக்கியை எனக்குத் தர்றதாச் சொல்லியிருக்காரு. லைசென்ஸ் எனக்கும் வேணுமா? அவருகிட்ட இருக்கே.

சோழவந்தான்_மேடிசன்:
அவருகிட்ட இருக்கிறது அவருக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாப் படி. எச்-1பி மாதிரி தற்காலிக விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கிறதே ஃபெடரல் சட்டத்துல குத்தம். விதிவிலக்கு இருக்கு, அதுல நமக்கு ஆகுறது செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ். அது உன் பேருல, உன் பையில இல்லாம துப்பாக்கியைத் தொட்டுப் போட்டோ எடுக்கிறதுகூட வேண்டாம். விசாவே போயிரும்.

விஸ்கான்சின்ல 1973 ஜனவரி 1-லேர்ந்து பொறந்தவங்களுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடிச்ச சான்றிதழ் வேணும். சனிக்கிழமைக்குள்ள முடிக்கிறது கஷ்டம். அதுக்கு மென்டர் லைசென்ஸ்னு ஒண்ணு தர்றாங்க, வகுப்பு இல்லாமலே வாங்கலாம். ஆனா கூட வர்றவரு கைக்கு எட்டுற தூரத்துலயே இருக்கணும். நீ ஒரு மரத்துல, அவரு ஒரு மரத்துலன்னு இருக்க முடியாது. மாநில இயற்கை வளத்துறையோட தளத்துல இன்னைக்கே எடுத்துரு. இல்லைன்னா துப்பாக்கி இல்லாம வேடிக்கை பாக்க வர்றேன்னு சொல்லு. அதுல ஒண்ணும் கௌரவக் கொறச்சல் இல்ல, நானும் மொத தடவை அப்படித்தான் போனேன்.

ஆரஞ்சு உடுப்பு கட்டாயம். இடுப்புக்கு மேல வெளிய தெரியுறதுல பாதிக்குக் கொறையாம பளிச்சுன்னு ஆரஞ்சோ பிங்க்கோ இருக்கணும். மான் பாத்துருமேன்னு பயப்படாத, அதுக்கு ஆரஞ்சு மங்கலாத்தான் தெரியும். நீலம்தான் நல்லாத் தெரியும். அதனால துணியைப் பளபளப்பாக்குற சோப்புத்தூள் போடாத, அது மான் கண்ணுக்கு மினுங்கும்.

தாளிப்பு வாடைக்கு: வாசனை இல்லாத சோப்பும் ஆப்பசோடாவும் போட்டுத் தொவை. வெளிக்காத்துல காய வை. மூடி இறுக்கமா இருக்கிற பிளாஸ்டிக் பெட்டியில போட்டு, கொஞ்சம் காஞ்ச எலையும் போட்டு காருல வச்சிரு. வீட்டுல மாத்தாத, பெட்ரோல் பங்க்ல அதோட எறங்காத. காட்டுக்குப் போய்த்தான் மாத்தணும். குளியலும் அதே சோப்புலதான். தலைக்கு எண்ணெய் வேண்டாம்.

பெட்டை மான் பாட்டிலை மேனேஜர்கிட்டயே திருப்பிக் குடுத்துரு. இங்க 2002-லேயே சி.டபிள்யூ.டி. வந்துருச்சு, நான் செயற்கையாச் செஞ்ச திரவம்தான் பயன்படுத்துறேன். போக, இணை சேர்ற உச்சம் ஐப்பசிக் கடைசியிலேயே பெரும்பாலும் முடிஞ்சிருது. துப்பாக்கி சீசன், நவம்பர் நாலாவது வியாழக்கிழமை வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, அதாவது கார்த்திகை பொறந்தப்பறம்தான் ஆரம்பிக்குது. அப்ப சினைப்படாத பெட்டை மட்டும் ஏறக்குறைய 28 நாள் கழிச்சுத் திரும்பப் பருவத்துக்கு வரும். கொஞ்சம் வேலை செய்யும், பெருசா எதிர்பாக்காத. ஆப்பிள், சோளம் கொட்டலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காத. அது வாடை இல்ல, எரை. நெறைய கவுன்ட்டியில, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, தடை.

உசிலை_மிச்சிகன்:
செயற்கைத் திரவம் வேலை செய்யுறதைப் பத்தி எனக்கு வேற அபிப்பிராயம் உண்டு. லைசென்ஸ் விசயத்துல சோழவந்தான் சொன்னதை அப்படியே செய்யி.

திருமங்கலம்_புதுசு:
ரொம்ப நன்றி. மென்டர் லைசென்ஸ் இப்பத்தான் எடுத்தேன். மேனேஜர்கிட்டயும் சொன்னேன், பக்கத்துலயே இருப்பேன்னாரு. மான் அடிச்சா கறியில பங்கு தர்றாராம். அதை அப்படியே சமைக்கலாமா?

சோழவந்தான்_மேடிசன்:
அப்படியே வேண்டாம். தலையை, கழுத்துல இருக்கிற நிணநீர்க் கட்டியோட, துறையோட சோதனைப் பெட்டியில குடுக்கச் சொல்லு. காசு கெடையாது. முடிவு வர்ற வரைக்கும் கறியைத் தனியா ஃப்ரீசர்ல வை. நோய் இருக்குன்னு வந்தா திங்கக் கூடாது. மூளை, முதுகுத்தண்டு, கண்ணு, மண்ணீரல் எப்பவும் வேண்டாம். அறுக்கும்போது கையுறை போடணும். எலும்பில்லாம வாங்கு.

மரத்து மேல உக்காருற ஏற்பாடுன்னா உடம்பு முழுக்கப் பிடிக்கிற பாதுகாப்புப் பட்டை இல்லாம ஏறாத. ஒவ்வொரு சீசன்லயும் விழுந்து அடிபடுறவங்க இருக்காங்க.

உசிலை_மிச்சிகன்:
கறி வந்துச்சுன்னா கொழுப்பைச் சுத்தமா எடுத்துரு, மானோட கொழுப்பு மெழுகு மாதிரி மேலண்ணத்துல ஒட்டும். வெள்ளைச் சவ்வையும் உரிச்சிரு. கறியில சொந்தக் கொழுப்பே இருக்காது, அதனால நல்லெண்ணெய் ஒரு கரண்டி கூடப் போட்டு, சின்ன வெங்காயம், மொளகு, சீரகம் அரைச்சு ஊத்திக் குக்கர்ல வை. ஆட்டுக்கறியை விட ரெண்டு விசில் கூட. அப்புறம் சுக்கா வறு.