மறு: பாரசீக ‘சத்ரப்’ – ‘ஆளுநர்’ என்று போட்டால் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். பழைய பாரசீகப் பேரரசில் ஒரு பெரும் பிரிவை அரசருக்காக நிர்வகித்த ‘சத்ரப்’ பதவிக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் போடுவது என்ற கேள்விக்கு ஆளுநர், சிற்றரசர், தேசாதிபதி, புலங்காவலர் என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்குமே எனக்குச் சரியாகப் படவில்லை. சொற்கள் நல்ல சொற்கள்தான், ஆனால் அந்தப் பதவியில் இருந்தவர் என்ன செய்தார், அவருக்கு மேலும் கீழும் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் ஒன்றும் ஒட்டவில்லை. எகிப்தை வைத்தே பேசுவோம். அங்கேதான் அலுவலகக் காகிதங்களே கைக்குக் கிடைத்திருக்கின்றன.

பாரசீக அரசர் காம்பிசஸ் கி.மு. 525 வாக்கில் எகிப்தைப் பிடித்து, ஆரியாண்டஸ் என்பவரைப் பொறுப்பில் வைத்துவிட்டுப் போனார். பிறகு அரசரான டேரியஸ் காலத்து வரிக்கணக்கைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தருகிறார்: எகிப்தும் அதை ஒட்டிய லிபியா, சைரீன் பகுதிகளும் சேர்ந்து ஆண்டுக்கு 700 தாலந்து (அக்கால எடை அளவு) வெள்ளி, மோயரிஸ் ஏரி மீன் வருமானம் தனி, அது போக மெம்பிஸ் கோட்டையில் இருந்த பாரசீகர்களுக்கும் கூலிப்படைக்கும் 1,20,000 அளவை தானியம். இதையெல்லாம் வசூலித்து, படைக்குச் சோறு போட்டு, மிச்சத்தை அரசருக்கு அனுப்புகிறவரைத்தான் ‘ஆளுநர்’ என்கிறோம். ஆனால் இன்றைய வாசகருக்கு ஆளுநர் என்றால் மாளிகையில் இருந்துகொண்டு மசோதாவில் கையெழுத்துப் போடுகிறவர், அல்லது போடாமல் வைத்திருப்பவர். சரி, அது வெறும் மனப்பதிவு, அடிக்குறிப்பு போட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்லலாம். அடிக்குறிப்பில் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது.

கி.மு. 410-இல் தெற்கு எகிப்தில் நைல் நதியின் எலிபண்டைன் தீவில் இருந்த யூதர்களின் கோயில் இடிக்கப்பட்டது. அப்போது எகிப்தின் சத்ரபர் அர்ஷாமா, அரசரைப் பார்க்கப் போயிருந்தார். உள்ளூர் அதிகாரி விதரங்காவுக்கு, எகிப்தியக் கடவுள் க்னூமின் கோயில் பூசாரிகள் வெள்ளியும் பொருளும் கொடுத்துச் சரிக்கட்டினார்கள் என்பது யூதர்களின் புகார். கோயிலைத் திரும்பக் கட்ட உதவி கேட்டு கி.மு. 407-இல் அவர்கள் மனு எழுதியது யாருக்கு? யூதேயாவில் இருந்த பகோஹிக்கு. அவருடைய பதவிப் பெயர் அரமேய மொழியில் ‘பெகா’. ‘நதிக்கு அப்புறத்து நாடு’ (யூப்ரட்டீஸ் நதிக்கு மேற்கே) என்ற பெரும் பிரிவுக்குள் யூதேயா ஒரு சிறு பகுதி, அதற்குப் பொறுப்பாளர் இவர். இவரை ‘ஆளுநர்’ என்றுதான் சொல்லியாக வேண்டும், வேறு வழியில்லை. பகோஹி தரப்பிலிருந்து வந்த பதில் ‘கட்டிக்கொள்ளுங்கள்’ என்ற உத்தரவாக இல்லை, ‘அர்ஷாமாவிடம் இப்படிச் சொல்’ என்ற அளவில்தான் இருக்கிறது. எகிப்து விவகாரத்தில் அவர் அதற்கு மேல் போக முடியாது. இப்போது அர்ஷாமாவையும் ஆளுநர் என்று போட்டுவிட்டு இந்தப் பகுதியை மொழிபெயர்த்துப் பாருங்கள், யார் யாரிடம் கேட்கிறார் என்றே புரியாது.

பாபிலோனிய, அரமேய எழுத்தர்களே மேலவரையும் கீழவரையும் ஒரே சொல்லால் குறித்த இடங்கள் உண்டே என்று யாராவது கேட்பீர்கள். உண்டுதான். அர்ஷாமாவின் கடிதங்களில் அவரை ‘அரச வீட்டு மகன்’ என்று வம்சத்தை வைத்துக் குறிப்பதும் உண்டு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெரிய மனிதருக்குப் பதவிப் பட்டம் எதற்கு! அவர்களுக்குக் குழப்பம் இல்லை. 2,400 ஆண்டு தள்ளிப் படிக்கிற நமக்குத்தான் இரண்டு சொல் வேண்டும்.

‘சிற்றரசர்’ என்பதை நான் முழுதாகவே மறுக்கிறேன். இன்றைய துருக்கியில் இருந்த சார்டிஸ் நகரத்துச் சத்ரபர் ஒரோய்ட்டஸ் கதையைப் பாருங்கள், ஹெரோடோட்டஸ் மூன்றாம் நூலில் இருக்கிறது. டேரியஸ் புதிதாக அரியணை ஏறிய சமயம். இந்த ஆள் பக்கத்துப் பொறுப்பாளர் மித்ரோபாட்டஸைக் கொன்றான், சாமோஸ் தீவை ஆண்ட பொலிக்ரட்டீஸைக் கொன்றான், அரசர் அனுப்பிய தூதனை வழியிலேயே தீர்த்துக்கட்டினான். அவனுக்கு 1,000 பாரசீக மெய்க்காவலர்கள். டேரியஸ் படை அனுப்பவில்லை. பகையஸ் என்பவர் அரச முத்திரையிட்ட ஓலைகள் சிலவற்றோடு சார்டிஸ் போனார். சத்ரபரின் அவையில், ஒவ்வொன்றாக எடுத்து அங்கிருந்த அரச எழுத்தரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். (எல்லாச் சத்ரபரிடமும் அரச எழுத்தர் உண்டு என்று ஹெரோடோட்டஸ் அந்த இடத்தில் சொல்கிறார், இதைக் கவனிக்கவும்.) ஓலைக்குக் காவலர்கள் காட்டும் மரியாதையைப் பகையஸ் நோட்டம் விட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு ஓலை: ‘ஒரோய்ட்டஸுக்குக் காவல் நிற்பதை அரசர் டேரியஸ் தடை செய்கிறார்.’ ஈட்டிகள் கீழே போயின. கடைசி ஓலை: ‘ஒரோய்ட்டஸைக் கொல்லும்படி சார்டிஸில் உள்ள பாரசீகர்களுக்கு அரசர் ஆணையிடுகிறார்.’ அங்கேயே வெட்டிப் போட்டார்கள். கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அலங்காரம் என்பது வேறு பேச்சு. ஆனால் சத்ரபரின் சொந்த அவையிலேயே எழுத்தரும் ஈட்டியும் அரசரின் ஆட்கள். சிற்றரசர் என்றால் தனக்கென்று குடியும் படையும் உள்ளவர் என்ற பொருள் வந்துவிடும். டேரியஸே ஈரானில் பாறையில் வெட்டுவித்த பெஹிஸ்துன் கல்வெட்டில் பாக்திரியாவின் (இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம்) தாதர்ஷியைப் பற்றிச் சொல்லும்போது ‘பாரசீகன், என் அடியான், பாக்திரியாவின் சத்ரபன்’ என்றுதான் அடுக்குகிறார். அடியான் முதலில், பதவி பிறகு.

‘தேசாதிபதி’ எனக்குப் பிடித்த சொல், தமிழ் விவிலியம் நூறாண்டுக்கு மேல் புழங்கவிட்டது, தானியேலில் வரும் 120 தேசாதிபதிகள் நமக்குப் பழக்கம். (ஹெரோடோட்டஸ் 20 பிரிவு என்கிறார், பெஹிஸ்துன் பட்டியலில் 23 நாடுகள். எண்ணிக்கைச் சண்டையை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம்.) ஆனால் அதே விவிலியத்தில் பொந்தியு பிலாத்துவும் தேசாதிபதிதான். ரோமாபுரி அதிகாரியையும் பாரசீகச் சத்ரபரையும் ஒரே பெட்டியில் போட்டால் கலைச்சொல் எதற்கு?

‘புலங்காவலர்’ பரிந்துரைத்தவருக்கு: பழம்பாரசீக மூலச்சொல்லைப் பிரித்தால் ‘அரசைக் காப்பவர்’ என்றுதான் வருகிறது, உங்கள் ஆக்கம் மிகச் சரி. ஆனால் இன்று ‘எகிப்தின் காவலர்’ என்று எழுதினால் தொப்பியும் லத்தியும்தான் நினைவுக்கு வரும்.

ஆகவே என் முன்மொழிவு: பதவிக்குச் ‘சத்ரபர்’, அவர் ஆண்ட பிரிவுக்குச் ‘சத்ரபம்’. முதல் சொல்லை நாம் புதிதாக இறக்குமதி செய்யவே வேண்டாம். உஜ்ஜயினியை ஆண்ட மேற்குச் சத்ரபர்கள் நம் வரலாற்றுப் பாடங்களில் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஜூனாகட் கல்வெட்டு (கி.பி. 150 வாக்கில்) ருத்ரதாமனை மகாக்ஷத்ரபர் என்கிறது. ஈரானில் கிளம்பிய அதே பட்டம்தான் அங்கே வந்து நிற்கிறது, வழியில் அடியான் நிலை மாறித் தானே அரசனாகிவிட்டது என்பது சுவையான சேதி. ஈரானியருக்கு ஒரு சொல், உஜ்ஜயினிக்கு வேறு சொல் என்று வைத்தால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். ‘சத்திரபர்’ என்று எழுத வேண்டும் என்போரிடம் சண்டை போட மாட்டேன், ஆனால் ‘சத்திரபம்’ என்பதைப் பார்த்ததும் சத்திரம் சாவடி ஞாபகம் வருகிறது. மராட்டியர்களின் ‘சத்ரபதி’ குடையிலிருந்து வந்தது, இதற்கும் அதற்கும் உறவில்லை என்று ஒரு வரி குறிப்புப் போட்டுவிடலாம்.

மற்றவை சுலபம். பெஹிஸ்துன் கல்வெட்டுப் பட்டியலில் வரும் பழம்பாரசீகச் சொல் ‘தஹ்யு’வுக்கு ‘நாடு’ போதும், நிலத்தையும் மக்களையும் சேர்த்துச் சொல்ல இதைவிட நல்ல சொல் இல்லை. ‘பெகா’வுக்கு ஆளுநர். அர்ஷாமாவின் பண்ணைகளைப் பார்த்துக்கொண்ட நக்த்ஹோரின் ‘பெகித்’ பதவிக்கு நம் பட்டியலில் ‘மேலாளர்’ என்று இருக்கிறது, தயவுசெய்து எடுத்துவிட்டுக் ‘காரியஸ்தர்’ என்று போடுங்கள். அவர் எகிப்துக்குப் போகும்போது வழியில் உள்ள பண்ணை அதிகாரிகளுக்கு அர்ஷாமா எழுதிய படிச் சீட்டைப் படித்தால் தெரியும்: நாளொன்றுக்கு அவருக்கு இரண்டு வகை மாவு, மதுவோ பீரோ, ஓர் ஆடு, உடன் வரும் பத்து வேலைக்காரர்களுக்குத் தலைக்கு ஓர் அளவு மாவு, குதிரைகளுக்குத் தீவனம். ஓர் ஊரில் ஒரு நாளுக்கு மேல் தங்கினால் கூடுதல் நாளுக்குப் படி கிடையாது. இந்தக் கறார்க் கணக்கில் வாழ்கிறவர் காரியஸ்தரேதான். ‘மாகாணம் மாகாணமாக’ என்று அதே சீட்டில் வரும் ‘மதீனா’வை மாகாணம் என்றே விட்டுவிடலாம், அங்கே எந்தப் பதவியோடும் அது மோதவில்லை.

மறுப்பு இருந்தால் அர்ஷாமா கடிதங்களில் ஒரு பத்தியையாவது உங்கள் சொல்லை வைத்து மொழிபெயர்த்து அனுப்புங்கள். இல்லையென்றால் சத்ரபர், சத்ரபம் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிட்டு, விதரங்காவின் ‘ஃப்ரதரகா’ பட்டத்துக்கு என்ன செய்வது என்று அடுத்து பார்ப்போம்.