பெறுநர் பட்டியலில் விடுபட்ட மூவர்: உளவு அமைப்புகளின் ஒத்துழைப்பு எங்கே முறிகிறது?

எழிலன்:
கார்கில் போருக்குப் பிறகு கே. சுப்ரமணியம் தலைமையில் அமைக்கப்பட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கையில், பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு பகுதி உண்டு. போருக்கு முந்தைய ஆண்டில், 1998 ஜூன் 2 அன்று, கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்பால் நடந்துகொண்டிருந்த நடவடிக்கைகள் பற்றி உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.யின் இயக்குநர் தாமே கையொப்பமிட்டு ஒரு கடிதம் அனுப்பினார். பிரதமர், உள்துறை அமைச்சர், அமைச்சரவைச் செயலாளர், உள்துறைச் செயலாளர், இராணுவ நடவடிக்கைகளுக்கான தலைமை இயக்குநர் ஆகியோருக்கு அது சென்றது. ஆனால் அந்தத் தகவலைப் பின்தொடர்ந்து ஆராயும் வசதி படைத்த, வெளிநாட்டு உளவைக் கவனிக்கும் 'ரா' அமைப்பின் செயலாளர், அதை மதிப்பீடுகளில் சேர்த்திருக்கக்கூடிய கூட்டு உளவுக் குழுவின் தலைவர், இராணுவ உளவுப் பிரிவின் தலைமை இயக்குநர் ஆகிய மூவரின் பெயர்களும் பெறுநர் பட்டியலில் இல்லை. உரிய படிநிலைகள் வழியாகத் தகவல் அவர்களுக்கும் இறங்கிச் செல்லும் என்று எதிர்பார்த்ததாக இயக்குநர் குழுவிடம் விளக்கினார். அக்காலத்தில் 'ரா' செயலாளரே கூட்டு உளவுக் குழுத் தலைவர் பொறுப்பையும் கூடுதலாக வகித்தார். இரண்டு நாற்காலிகளில் அமர்ந்திருந்த அந்த ஒருவருக்கு எந்த நாற்காலியின் வழியாகவும் அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை.

உளவுத் துறைகளுக்கிடையே ஒத்துழைப்பு இல்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் புதிய மையம், புதிய ஆணையம் என்றே பேசுகிறோம். யாருக்கு அனுப்பினோம், யாரிடமிருந்து ஒப்புகை வந்தது, வராதவருக்கு நினைவூட்டல் போயிற்றா என்று தினமும் பார்க்கும் பதிவறை வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த வேலை சரியாக நடக்காத இடத்தில் எத்தனை மையங்களைத் திறந்தாலும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

தேன்மொழி:
எழிலன் சுட்டிய நிகழ்வு உண்மைதான். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மூவரின் பெயர்களையும் எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம் அன்று யாருக்கும் இருக்கவில்லை. அனுப்புவதும் அனுப்பாமல் விடுவதும் அனுப்புபவரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. கார்கிலுக்குப் பிந்தைய சீர்திருத்தங்களின் பகுதியாக 2001இல், பல அமைப்புகளின் தகவல்களை ஓரிடத்தில் திரட்டும் பல்முகமை மையம் ஐ.பி.யின் கீழ் உருவானது. ஆயினும் 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்து முடிந்த பிறகுதான், அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று வெளியான நிர்வாக ஆணை, மையம் தன்னிடமுள்ள தகவலை மாநில அமைப்புகள் உட்பட எல்லோருக்கும் தர வேண்டும், மற்ற அமைப்புகளும் மையத்துக்குத் தந்தாக வேண்டும் என்று கடமையாக்கியது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் எழுத்தர்களும் பதிவேடுகளும் இல்லாமலா போயிருக்கும்? இல்லாமல் இருந்தது கடமை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தகவலைச் சேகரித்த அதிகாரிக்கு அது தன் துறையின் உழைப்பு. அதை வைத்து வேறொரு துறை நற்பெயர் வாங்கிவிடுமோ, தன் ஆள் அம்பலப்பட்டுவிடுவானோ என்ற தயக்கம் எந்த நாட்டிலும் உண்டு. அந்தத் தயக்கத்தை ஆணையால் உடைக்கலாமே தவிர, பெறுநர் பட்டியலைத் திருத்தி உடைக்க முடியாது.

ஆதிரை:
இருவருமே அதிகமாகப் பகிர்வது நல்லது என்பதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா அந்த வழியில்தான் சென்றது. 2010இல் ஈராக்கில் பணியாற்றிய இராணுவப் பகுப்பாய்வாளர் ஒருவர் மூலம் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கத் தூதரகத் தந்திகள், அதாவது தூதரகங்களின் அலுவல் செய்திகள், வெளியே போயின. அவருடைய அன்றாடப் பணிக்குத் தேவையே இல்லாத தந்திகளும் அவருடைய கணினியில் திறந்தன. பின்னர் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தந்தித் தரவகத்தை அவர் பயன்படுத்திய இராணுவக் கணினி வலையமைப்பிலிருந்து துண்டித்துவிட்டது. அறிய வேண்டியவருக்கு மட்டுமே அறிவிப்பது என்ற பழைய விதி, தகவல் தந்த மனிதரின் உயிரைக் காக்க உருவானது என்பதை மறந்துவிடக் கூடாது.

எழிலன்:
ஆதிரை சொல்லும் ஆபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உதாரணமும் என் பக்கமே நிற்கிறது. எல்லோருக்கும் திறந்துவிடுவது என்பது, யாருக்குத் தேவை என்று உட்கார்ந்து முடிவு செய்யும் உழைப்பைத் தவிர்ப்பதற்கான குறுக்குவழி. கார்கிலில் மூன்று பெயர்கள் குறைந்தன. அமெரிக்காவில் கணக்கின்றிப் பெருகின. இரண்டு இடங்களிலும் விடுபட்டது அந்த முடிவுதான்.

தேன்மொழி அவர்கள் கேட்ட கடமைக்கு வருகிறேன். 2009 நவம்பரில் நைஜீரியாவின் அபுஜாவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தந்தையே நேரில் சென்று, தம் மகன் தீவிரவாதிகளுடன் சேர்ந்திருக்கலாம் என்று எச்சரித்தார். பகிர வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 2004லேயே வந்துவிட்டது. செய்தியும் உரிய இடங்களுக்குப் பகிரப்பட்டது. ஆனால் பெயரின் எழுத்துகள் தவறாகப் பதிவானதால், அந்த மகன் உமர் ஃபாரூக் அப்துல்முத்தல்லபிடம் செல்லுபடியாகும் விசா இல்லை என்றே வெளியுறவுத் துறை முதலில் நம்பியது. டிசம்பர் 25 அன்று அவர் டெட்ராய்ட் செல்லும் விமானத்தில் உள்ளாடையில் வெடிபொருளுடன் அமர்ந்திருந்தார். வெடிபொருள் சரியாக வெடிக்காததாலும் சக பயணிகள் பாய்ந்து பிடித்ததாலும் அத்தனை உயிர்களும் தப்பின. கடமை இருந்தது, மையம் இருந்தது, நிதி இருந்தது. ஒரு பெயரை வேறு எழுத்துக்கூட்டல்களிலும் தேடிப் பார்க்கும் பொறுமையான வேலை நடக்கவில்லை. அந்த வேலையைச் செய்பவருக்குப் பதக்கமும் கிடைக்காது, பதவி உயர்வும் எளிதில் வராது என்பதே எனக்குள்ள பெரிய வருத்தம்.

தேன்மொழி:
அந்த நிகழ்வை ஆராய்ந்த வெள்ளை மாளிகையின் ஆய்வு, பகிர்வில் குறையில்லை, கையில் இருந்த துண்டுகளை இணைத்துப் பார்க்கத் தவறியதுதான் குறை என்றது. எழுத்துப் பிழை அதன் ஒரு பகுதி மட்டுமே. பல அமைப்புகள் ஒரே மிரட்டலைப் பார்க்கும்போது, இறுதிவரை துரத்த வேண்டியவர் யார் என்ற பொறுப்பு ஒருவர் பெயரில் எழுதப்பட வேண்டும். இதை நிர்வாக வேலை என்று நீங்கள் அழைத்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதைச் சரிபார்ப்பவர் யார்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஐ.பி.யையும் 'ரா'வையும் பெரும்பாலும் விலக்கி வைத்திருக்கிறது. பிரிட்டனில் 1994 முதல் இருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் உளவு, பாதுகாப்புக் குழுவைப் போன்ற ஒன்று இங்கே இல்லை. 1998ஆம் ஆண்டுக் கடிதத்தின் பெறுநர் பட்டியல்கூட, ஒரு போர் முடிந்து விசாரணைக் குழு அமர்ந்ததால்தான் நமக்குத் தெரிந்தது.

எழிலன்:
இந்தக் கேள்வியில் உங்களுடன் நிற்கிறேன். நாடாளுமன்றக் குழு அமைந்தால், அது இரகசியக் கோப்புகளின் உள்ளடக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. எத்தனை அறிக்கைகள் எந்தெந்த அமைப்புகளுக்குப் போயின, எத்தனைக்கு ஒப்புகை வந்தது, எத்தனை வாரக்கணக்கில் பதிலின்றிக் கிடந்தன என்று கேட்டாலே போதும். ஆதிரை அஞ்சும் ஆபத்தும் அதில் எழாது.

ஆதிரை:
அந்த அளவுக்கு என்றால் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் எண்ணிக்கையைக் காட்டுவதற்காகவே பயனற்ற அறிக்கைகளை அனுப்பிக் குவிக்கும் பழக்கம் வந்துவிடும் என்ற அச்சம் எனக்குத் தீரவில்லை. ஒப்புகை வந்ததா என்று கேட்பதோடு நில்லாமல், பெற்றவர் அதைக் கொண்டு என்ன செய்தார் என்றும் அந்தக் குழு கேட்க வேண்டும்.