ஞாயிற்றுக்கிழமை கேட்டதைத் திங்கட்கிழமை செய்தவர்கள்: உங்கள் அனுபவம்?

நாசரேத் பக்கத்து ஆள்:
பிரசங்கம் கேட்பதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை. கேட்டபடி வாழ்ந்த ஒருவரையாவது நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். ஜெபக்கூட்டத்தில் கண்ணீர் விடுகிற ரகம் இல்லை. அவர் மகள் அதே சபையில் கீழத்தெருப் பையனை விரும்பினாள். எங்கள் பக்கம் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதான். நற்கருணை ஆராதனையில் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்போம், சம்பந்தம் என்று வந்தால் மட்டும் பேச்சு மாறிவிடும். வரன் விளம்பரத்தில் 'சி.எஸ்.ஐ.' (தென்னிந்தியத் திருச்சபை) என்று போட்ட கையோடு அடுத்து என்ன போடுகிறோம் என்று பாருங்களேன்.

வாத்தியார் சரி என்றுவிட்டார். கல்யாணத்துக்கு முன் ஆலயத்தில் மூன்று முறை அறிவிப்பார்கள், அதைத்தான் ஓலை என்போம். முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஆலயத்தில் இருந்தேன். தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று ஐயர் (எங்கள் போதகர்) சொன்னதும், முன்வரிசையில் வாத்தியாரின் கூடப்பிறந்த அண்ணன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். தடை ஒன்றும் சொல்லவில்லை. குடும்பத்தோடு வெளியே போய்விட்டார். வாத்தியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அடுத்த பாமாலைப் பாட்டின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். மீதி இரண்டு ஓலைக்கும் அதே பெஞ்சில்தான் வந்து உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு அவர் பக்கத்துச் சனம் பாதி வரவில்லை. வராதவர்களில் சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டிக்காரர்களும் உண்டு. (கமிட்டித் தேர்தல் கதையை யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம், விடிந்துவிடும்.)

தஞ்சாவூர்க்காரர்:
அண்ணன் எழுந்து போனது எங்களுக்குப் பழக்கமான காட்சி. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். சேர்ந்து உட்கார மாட்டோம் என்று வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் ஆலயத்தை விட்டே போனார்கள். பிஷப்பின் கடிதத்தை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார். அவர் கீர்த்தனைகளைச் சின்ன வயதிலிருந்து உருகிப் பாடுகிறவன் நான். இந்தச் சேதி பிற்பாடுதான் தெரிந்தது. இப்போதும் பாடுகிறேன், ஆனால் ஒரு நெருடல் இருக்கிறது.

எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே இன்றைக்கும் ஒரு சுவர் நிற்கிறது. அடக்க ஆராதனையில் வாசிக்கிற ஜெபம் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். வாத்தியார் மாதிரி ஆள் எங்கள் ஊரில் இருந்தால் நானே போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன்.

சென்னை, வாடகை வீடு:
நான் கிறிஸ்தவன் இல்லை, எழுதலாம்தானே? பெரம்பூரில் எங்கள் வீட்டுக்கார அம்மா பெந்தெகொஸ்தே. வாசலில் வசனப் பலகை. மோட்டார் போட்டு அணைக்க மறந்தால் தெருவே கேட்கத் திட்டுவார், அதில் இயேசு குறுக்கே வரவே மாட்டார். காலி செய்தபோது வழக்கம்போல ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்குப் பிடிப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு போனேன். முழு அட்வான்ஸையும் எண்ணிக் கையில் கொடுத்தார். "சுவர் நல்லாத்தானே இருக்கு, எதுக்குப் பிடிக்கணும்? அப்புறம் நான் ஜெபத்துக்கு எப்படி முழங்கால் போடுறது?" என்றார்.

சென்னையில் நான் மாறிய வீடுகளில் இப்படி வேறு யாரும் தந்ததில்லை. ஒரு நாளும் சபைக்குக் கூப்பிட்டதில்லை. நானாகத்தான் ஒரு கிறிஸ்துமஸுக்குப் போனேன். பிரசங்கம்தான் கொஞ்சம் நீளம்.