ரயில் கார்டு தாத்தா வீடு: குடும்பக் குழுவில் ஒரு ராத்திரி

நான், இரவு 9:02
[பாட்டு இணைப்பு] சவுண்ட்ஸ் கிரேட் வென் யூ ஆர் டெட், ராபின் ஹிட்ச்காக், 1984

பெரியப்பா (சூரமங்கலம்), 9:05
என்னடா இது, டெட்டு கிட்டுன்னு. கருமாதி முடிஞ்சு பத்து நாள் ஆகல. இதையெல்லாம் குரூப்ல போடுவியா கண்ணு

சித்தி (அஸ்தம்பட்டி), 9:06
ஆயா போன்லயும் இந்த குரூப் இருக்குடா. பாத்துப் போடு

நான், 9:09
மன்னிச்சுக்கங்க பெரியப்பா. தாத்தாவை நெனச்சுத்தான் போட்டேன். பேர் அப்படி இருக்கு, உள்ள கேலியா சாவைப் பத்தித்தான் பாடறார். ஆனா செத்தவங்களைக் கேலி பண்ணலீங்க

பெரியப்பா, 9:10
சாவுல என்னடா கேலி

சின்னத்தை (ஏற்காடு), 9:12
அண்ணா, அப்பா மொட்டை மாடில படுத்துக்கிட்டு நந்தவனத்தில் ஓர் ஆண்டி பாடுவாங்களே, அது மட்டும் என்னவாம்? நாலாறு மாதம் குயவனைக் கெஞ்சி வாங்கின தோண்டியைக் கூத்தாடிப் போட்டு உடைக்கறான். நாலும் ஆறும் பத்து மாசம், தோண்டிங்கறது இந்த உடம்பு. கடுவெளிச் சித்தரும் சாவைத்தானே பாடியிருக்கார். நாம சிரிச்சுக்கிட்டே கேக்கலயா

பெரியப்பா, 9:14
அது சித்தர் பாட்டு

பெரியப்பா, 9:14
சரி சொல்லு. யாரு இந்த ஆளு

நான், 9:21
இங்கிலாந்துக்காரர், 1953ல பொறந்தவர். 1976ல கேம்பிரிட்ஜ்ல சாஃப்ட் பாய்ஸ்னு ஒரு குழு ஆரம்பிச்சார். மீன், பூச்சி, பேய், தக்காளின்னு யாருக்கும் தோணாததை எல்லாம் பாட்டுல கொண்டாருவார். பெரிய ஹிட்டுன்னு ஒண்ணும் கெடையாது, ஆனா புடிச்சவங்க உயிரா இருப்பாங்க. ஆர்.ஈ.எம். குழுவோட கிட்டார்காரர் பீட்டர் பக் பின்னால இவர்கூடவே வாசிச்சார்.

1982ல போட்ட ஆல்பம் அவருக்கே புடிக்கல. கொஞ்ச நாள் ஒதுங்கிட்டார். திரும்பி வந்து 1984ல போட்ட ஆல்பத்துலதான் நான் அனுப்பின பாட்டு இருக்கு. பேரு ஐ ஆஃபன் ட்ரீம் ஆஃப் ட்ரெய்ன்ஸ். எனக்கு அடிக்கடி ரயில் கனவு வருதுன்னு அர்த்தம். டிரம்ஸ் கெடையாது. பெரும்பாலும் ஒத்தை ஆளு, ஒரு கிட்டார், ஒரு பியானோ.

சித்தப்பா, 9:23
ரயிலா? அப்ப நம்ம வீட்டுப் பாட்டுதான்

நான், 9:30
அதுக்குத்தாங்க சித்தப்பா சொல்றேன். தாத்தாவோட கறுப்பு கார்டு பெட்டியைத் தொறந்து சுத்தம் பண்ணினேன்ல, அன்னிக்கு ராத்திரியிலருந்து இதைத்தான் கேக்கறேன். ஆயா அதுல கம்பளி வெச்சிருந்தாங்க. அடியில கைவிளக்கு. மேல இருக்கற பிடியைத் திருப்பினா உள்ள கண்ணாடி சுத்துது, செவப்பு, பச்சை, வெள்ளை. பச்சை மட்டும் ஓரத்துல சில்லு போயிருக்கு. மண்ணெண்ணெய் வாசம் இன்னும் அடிக்குது.

ஆல்பம் பேர்லயே ஒரு ரயில் பாட்டு இருக்கு, அதுல ஒரு எடம் வருது. வண்டியில சாப்பாட்டுப் பெட்டியில உக்காந்து காத்திருக்கார். எதுக்குன்னா, நித்தியத்துக்கு. இல்லாட்டி பேசிங்ஸ்டோக்குக்கு. இல்லாட்டி ரெடிங்குக்கு. ரெண்டும் அந்த ஊர் ரயில் ஸ்டேஷன். நம்ம ஊர்ல சொன்னா, மோட்சம் வரட்டும், இல்ல பொம்மிடி வரட்டும், இல்ல மொரப்பூர் வரட்டும்னு உக்காந்திருக்கற மாதிரி.

பெரியப்பா, 9:33
அப்பா ஆஸ்பத்திரில கடைசி ரெண்டு நாள் அதைத்தான் கேட்டாங்க. வாழப்பாடி தாண்டிருச்சான்னு. நான் ஆத்தூரே வரப்போவுதுப்பான்னேன்

சித்தி, 9:34
😢

நான், 9:35
தெரியுங்க பெரியப்பா. நீங்க சொன்னப்ப நான் வாசப்படிகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். இந்தப் பாட்டு வந்தாலே அதுதான் ஞாபகம் வருது

சின்னத்தை, 9:41
இன்னிக்கு சாயங்காலம் பஸ்ல மேல வர்றப்ப நானும் கேட்டேன்டா, நீ எனக்குத் தனியா அனுப்புனியே. டிராம் பாட்டு ரொம்பப் புடிச்சுது. பதினாலாவது வளைவுல சிக்னல் போயிருச்சு

நான், 9:46
டிராம்ஸ் ஆஃப் ஓல்ட் லண்டன். அதுதான் அத்தை இதுல உச்சம். டிராம்னா ரோட்டுலயே தண்டவாளம் போட்டு ஓடற வண்டி. லண்டன்ல பழைய டிராம் கடைசியா ஓடினது 1952 ஜூலை. இவர் பொறந்தது அடுத்த வருஷம் மார்ச்ல. தான் பொறக்கறதுக்கு முன்னாடியே நின்னுபோன வண்டியை நெனச்சு இவ்வளவு ஏக்கமா பாடறார். தெளிஞ்ச ராத்திரியில தண்டவாளம் இருந்த தடம் தெரியும்னு ஒரு வரி. நானும் மீட்டர் கேஜை, அந்தப் பழைய குறுகல் ரயில் பாதையை, ஒழுங்காப் பாத்ததில்ல. 2007ல சேலம்-விருத்தாசலம் லைன் அகலப்பாதை ஆனப்ப எனக்கு மூணு வயசு. ஆனா தாத்தா சொல்லிச் சொல்லி எல்லா ஸ்டேஷனும் எனக்கு மனப்பாடம்

பெரியப்பா, 9:49
மெட்ராஸ் டிராம் 1953ல நின்னுது. அதுக்கு முந்தி அப்பா சின்னப் பையனா அதுல போயிருக்காங்க. மணியடிச்சுக்கிட்டே வரும்பாங்க

நான், 9:50
இது எனக்குத் தெரியாதே! ஆயாகிட்டக் கேட்டு எழுதி வெக்கறேன்

சித்தப்பா, 9:53
வேற என்ன பாட்டு இருக்கு

நான், 9:57
எனக்குப் புடிச்ச கட்டடமெல்லாம் இடிஞ்சு விழுதுன்னு ஒண்ணு இருக்கு. ஏற்காடு ரோட்டுல பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவோட வளைவு மட்டும் தனியா நிக்குதே, அதைத் தாண்டறப்ப அந்தப் பாட்டுதான் ஓடும். அப்புறம் இசைக்கருவியே இல்லாம நாலஞ்சு குரல்ல ஒரு பாட்டு. கொழந்தையில அழகா இருந்த குணம் பெருசானதும் அசிங்கமா மாறிடும்னு, பஜனை மாதிரி பாடறாங்க

சித்தி, 9:58
அது உங்க சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டணும்

பெரியப்பா, 10:16
அந்த ரயில் பாட்டை மட்டும் கேட்டேன். இங்கிலீஷு பாதி புரியல. மெதுவாப் போவுது. அப்பா காலத்து பாசஞ்சர் அப்படித்தான் போவும்

பெரியப்பா, 10:17
இன்னொருக்கா கேக்கணும். அந்த டெட்டு பாட்டை மட்டும் குரூப்ல இருந்து எடுத்துரு கண்ணு. ஆயா பாத்தா சங்கடப்படும்

*இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

நான், 10:18
எடுத்துட்டேங்க பெரியப்பா

ஆயா, 10:22
[குரல் செய்தி, 0:19]

சின்னத்தை, 10:24
அம்மா தூங்கலியா? டேய், கேட்டியா? டிராம்ல அப்பா எந்தப் பக்கம் உக்காந்தாங்கன்னு கூட சொல்லுது

பெரியப்பா, 10:26
நாளைக்கு நீ வரும்போது அந்தக் கைவிளக்கை எடுத்துட்டு வா. பச்சைக் கண்ணாடிக்கு செவ்வாப்பேட்டைல கேட்டுப் பாக்கறேன்