மலாக்காவுல காலி குழி, கோவாவுல உடம்பு, ரோம்ல கை... ஏன் இப்படி?

செந்தூல்காரன்:
ஸ்கூல் லீவுக்கு பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு மலாக்கா போயிருந்தோம். செயின்ட் பால் மலை மேல கூரை இல்லாத பழைய சர்ச்சுக்குள்ள ஒரு குழி, மேல கம்பி வலை, உள்ள பூரா சில்லறை காசு. புனித பிரான்சிஸ் சவேரியார்ங்கற கத்தோலிக்க மகான மொதல்ல இங்கதான் புதைச்சாங்களாம், இப்ப உடம்பு கோவாவுல, கை மட்டும் ரோம்லன்னு கைடு சொன்னாரு. நாங்க இந்து, தப்பா கேக்கல, ஆனா ஒரு மகானோட கைய வெட்டி வேற ஊருக்கு அனுப்புறது எப்படிங்க மரியாதை ஆகும்?

பட்டர்வொர்த் அக்கா:
நல்ல கேள்வி தம்பி. அவரு 1552 டிசம்பர்ல சீனா பக்கத்து தீவுல இறந்தாரு, சதை கரைஞ்சா எலும்ப மட்டும் சீக்கிரம் கொண்டு போலாம்னு பெட்டியில சுண்ணாம்ப கொட்டி புதைச்சாங்க. ரெண்டு மாசம் கழிச்சு தோண்டினா உடம்பு அப்படியே இருந்துச்சாம், அத 1553 மார்ச்ல மலாக்காவுக்கு கொண்டு வந்து அந்த குழியில வச்சாங்க, அந்த வருஷ கடைசியிலயே கோவாவுக்கு கப்பல் ஏத்திட்டாங்க. வலது கைய 1614ல ரோம்ல இருந்து சேசு சபை (சவேரியார் இருந்த துறவிங்க சபை) தலைவர் கேட்டு வாங்கினாரு, ஏன் அந்த கைன்னா ஆயிரக்கணக்கான பேருக்கு ஞானஸ்நானம் குடுத்தது அதுதான். எங்களுக்கு அது பொணம் இல்லப்பா, கடைசி நாள்ல உயிர்த்தெழப் போற உடம்பு. வேதசாட்சிங்க, அதாவது விசுவாசத்துக்காக உயிர் விட்டவங்க, எலும்ப பொறுக்கி வைக்கிறது ரெண்டாம் நூற்றாண்டுலயே இருக்கு, இப்ப துருக்கியில இருக்கற ஸ்மிர்னா ஊரு ஆயர் பொலிகார்ப்ப எரிச்சப்ப அவரு எலும்ப ரத்தினத்த விட ஒசத்தின்னு எடுத்து வச்சாங்க. திருப்பண்டத்த, அதாவது புனிதருங்க எலும்பு மாதிரி மிச்சத்த, நாங்க கடவுளா கும்பிடல, வணக்கம் செலுத்துறோம்.

பெந்தகோஸ்தே பையன்:
வணக்கம், கும்பிடுறது, சும்மா பேரு வித்தியாசம்தான் அக்கா 😅 இயேசுவோட சிலுவை துண்டுன்னு ஊர் ஊரா வச்சிருக்கறத எல்லாம் ஒண்ணு சேத்தா ஒரு கப்பலே ரொம்பிடும்னு புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர் கால்வின் 1543லயே கிண்டல் பண்ணிட்டாரு. குழிக்குள்ள காசு போடுறத எந்த வசனத்துல பாத்தீங்க?

பட்டர்வொர்த் அக்கா:
காசு போடுறது டூரிஸ்ட்டுங்கப்பா, சபை சொல்லிக்குடுக்கல. வசனம் வேணும்னா 2 அரசர் 13:21 படி, எலிசா தீர்க்கதரிசியோட எலும்புல பட்ட பொணம் எழுந்து நின்னுச்சு. போலி நெறைய வந்துச்சுங்கறது உண்மைதான், அத மறைக்க மாட்டேன்.

ஜார்ஜ்டவுன் வாசி:
நம்மாளுங்க சித்தர் ஜீவசமாதியில உக்காந்து தியானம் பண்றதில்லையா, ஆனா தோண்டி எடுக்க மாட்டோம், அந்த எடத்துலதான் நானும் முழிக்கிறேன். அந்த ரோம் கை 2018ல கனடா சுத்த போனப்ப ஃபிளைட்ல அதுக்குன்னு தனி சீட் டிக்கெட் போட்டாங்க, நெஜமாவே!

செந்தூல்காரன்:
தனி சீட்டா?! சரி அக்கா, கொஞ்சம் புரியுது, வெட்டுறது மட்டும் இன்னும் மனசு ஒப்பல. இன்னொண்ணு, ஆன்லைன்ல ஒருத்தன் ஒரு புனிதரோட எலும்பு துண்டுன்னு சின்ன டப்பியில போட்டு, மெழுகு முத்திரை வச்சு விக்கிறான், வாங்கலாமா? ஆபீஸ்ல ஒரு கத்தோலிக்க தோழிக்கு பிறந்தநாள் வருது.

பட்டர்வொர்த் அக்கா:
ஐயோ வாங்காதப்பா! திருப்பண்டத்த விக்கவே கூடாதுன்னு சபை சட்டமே இருக்கு. அந்த பொண்ணுக்கு கேக் வாங்கிக் குடு.