மெட்டாபிளாட்: ‘மீகதை’ வேண்டாம், ‘களக்கதை’ ஆகுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஆடுவோர் ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசி நடிக்கும் பாத்திரமேற்பு விளையாட்டுகளின் நூல்களில் வரும் ‘மெட்டாபிளாட்’ என்ற சொல்லுக்கு நம் குழுவின் முந்தைய மடல்களில் ‘மீகதை’, ‘பெருங்கதை’ என இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ‘பெருங்கதை’ என்றதும் கொங்குவேளிரின் காப்பியமே நினைவுக்கு வரும். ‘மீ’ என்ற முன்னொட்டையோ ‘மீயுரை’ (ஹைப்பர்டெக்ஸ்ட்) என்ற சொல்லில் ஹைப்பர் என்பதற்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இதைவிடப் பெரிய குறை, இவ்விரண்டும் மூலச்சொல்லின் உறுப்புகளைப் பெயர்க்கின்றனவே தவிர, அது சுட்டும் பொருளைத் தொடவில்லை என்பதாகும்.

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுவோர் தமக்குள் உருவாக்கிக்கொள்ளும் கதை ஒன்று. அவர்களைக் கேளாமலே பதிப்பகம் துணைநூல்கள் வழியாக அக்கதைக்களத்தின் காலத்தை நகர்த்திச் செல்லும் கதை மற்றொன்று. இரண்டாவதைத்தான் மெட்டாபிளாட் என்கிறார்கள். 1977இல் தொடங்கிய ‘டிராவலர்’ என்ற அறிபுனை விளையாட்டு இதற்கு நல்ல சான்று. அதன் விண்வெளிப் பேரரசைப் பற்றிய தொடக்ககால நூல்கள் அப்பேரரசின் 1105ஆம் ஆண்டை ஒட்டி அமைந்தவை. 1987இல் வந்த அடுத்த பதிப்பான ‘மெகாடிராவலர்’, 1116ஆம் ஆண்டில் பேரரசர் ஸ்ட்ரெஃபான் கொலையுண்டதாகக் காட்டி உள்நாட்டுப் போரைத் தொடங்கிவைத்தது; அதையடுத்து 1993இல் வந்த ‘நியூ எரா’ பதிப்பு, கணினிகளைத் தொற்றிப் பரவும் ஒரு நச்சுநிரலைக் கொண்டு நாகரிகத்தையே சிதைத்துவிட்டது. அந்தப் பேரரசரின் தூதர்களாகப் பல மாதங்கள் ஆடிவந்த ஒரு குழுவை எண்ணிப் பாருங்கள். புதிய நூல் கைக்கு வந்ததும், கதையை முன்னின்று நடத்தும் ஆட்ட நடத்துநர் தம் மேசையிலும் பேரரசரைச் சாகவிட வேண்டும், இல்லையேல் இனி வாங்கும் ஒவ்வொரு துணைநூலிலும் பாதியைத் தாமே திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும். அலமாரியிலுள்ள பழைய நூலின் விண்மீன் வரைபடம் அப்படியே செல்லும்; எந்தக் கோளை யார் ஆள்கிறார் என்ற பகுதி மட்டும் செல்லாக்காசாகிவிடும்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் கதைக்களங்களுள் ஒன்றான ‘எபரான்’ இதற்கு நேர்மாறானது. 2004இல் வெளிவந்தபோது அது தன் உலகின் நாட்காட்டிப்படி 998ஆம் ஆண்டில் தொடங்கியது. விதிகள் இரண்டு முறை புதிய பதிப்பாக மாறிய பின்னும் களம் அதே ஆண்டில்தான் தொடங்குகிறது. ஆகவே பழைய நூலின் விதி எண்களை விட்டுவிட்டு ஊரையும் மக்களையும் அப்படியே எடுத்தாளலாம். ‘பாத்ஃபைண்டர்’ என்ற விளையாட்டின் களமோ நம் ஆண்டோடு 2700ஐக் கூட்டிக்கொண்டு உடன் நடக்கிறது. 2019இல் அங்கே 4719. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் மற்றொரு களமான ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ 2008இல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டைத் தாண்டிக் குதித்ததை இங்கே பலரும் அறிவீர்கள். விதிகள் மாறியதற்குக் கதைக்குள் காரணம் தேடியதன் விளைவு அது என்பது என் எண்ணம்.

இவற்றையெல்லாம் ஒருசேரப் பேச ‘களக்கதை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘கதைக்களம்’ ஏற்கெனவே வழக்கில் உள்ளது. அது கதை நிகழும் களம், இது களத்துக்கே நேரும் கதை. உறுப்புகள் இடம் மாறியதால் பொருளும் மாறுவது தமிழ் வாசகருக்கு விளக்கமின்றியே புரியும். ‘களம்’ என்றால் போர்க்களமும் நினைவுக்கு வருமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், கட்டுரையில் முதன்முறை வரும்போது ‘பதிப்பகக் களக்கதை’ என்று எழுதினால் அந்த மயக்கம் நீங்கும்.

காலம் நகரும் களத்தை ‘நகர்களம்’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். நகரத்தில் நடக்கும் கதையோ என்று நண்பர் ஒருவர் கேட்டார். காலம் நகராத களத்துக்குத் தோன்றிய ‘நிலைக்களம்’ என்பதற்கு வேறு பொருள் நெடுங்காலமாக இருக்கிறது. எனவே ‘வளர்களம்’, ‘உறைகளம்’ என்ற வினைத்தொகைகளைப் பரிந்துரைக்கிறேன். உறைதல் என்பதில் இறுகிப்போதல், தங்குதல் ஆகிய இரு பொருளும் இருப்பது இங்கே வசதியாகவே அமைகிறது.

முன்பு சொன்ன கதையைப் பின்னர் மாற்றிச் சொல்லும் ‘ரெட்கான்’ என்பதற்கு முன்பு ஒப்புக்கொண்ட ‘பின்திருத்தம்’ அப்படியே இருக்கட்டும். ஆனால் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. 1998இல் ‘கர்ப்ஸ்’ என்ற வேறொரு விதித்தொகுப்பில் வந்த ‘கர்ப்ஸ் டிராவலர்’, பேரரசரின் கொலையே நிகழாத ஒரு கிளைக் காலக்கோட்டைத் தேர்ந்தது; 2008இல் தொடங்கிய மங்கூஸ் பதிப்பகத்தின் ‘டிராவலர்’ பதிப்போ 1105ஆம் ஆண்டுக்கே திரும்பியது. முன்னதைக் ‘கிளைக்களம்’ எனலாம். பின்னதில் நடந்தது எதுவும் பொய்யாக்கப்படவில்லை, கடிகார முள் மட்டுமே பின்னால் வைக்கப்பட்டது. ஆகவே அதைப் பின்திருத்தம் என்பது பிழையாகும். இப்போதைக்குக் ‘களமீட்சி’ என்று எழுதிவருகிறேன், ஆனால் ‘மீட்சி’ என்பதில் துன்பத்திலிருந்து விடுபட்ட தொனி இருக்கிறது. ‘மெகாடிராவலரை’ விரும்பி ஆடியவர்கள் அதை ஏற்கமாட்டார்கள். சார்பற்ற சொல் ஒன்று உங்களுக்குத் தோன்றினால் அறியத் தாருங்கள்.